ஒரு பழைய பிழைதிருத்தம்

1977-ல் ஒரு சிறுபத்திரிகையில் பீட்டில்ஸின் 'ரப்பர் ஸோல்' இசைத்தட்டைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை ஒன்று எழுதினேன். அதன் மையமான அபிப்பிராயம் தவறு. தவறு என்பது 1979-லேயே எனக்குத் தெரிந்துவிட்டது. திருத்தம் எழுதித் தபாலில் போட்டேன். அதற்குள் பத்திரிகை நின்றுபோயிருந்தது. (என் கட்டுரைக்கும் அது நின்றதற்கும் சம்பந்தமில்லை என்றே நம்புகிறேன்; காகித விலைதான் காரணம்.) முந்நூறு பிரதிகள் அச்சான அந்த இதழைப் படித்தவர்களில் சிலராவது இதையும் படிப்பார்கள். கடன் பழசானாலும் கடன்தான். அந்தத் திருத்தத்தை இப்போது எழுதுகிறேன்.

அப்போது எங்கள் வீடு திருவந்திபுரத்தில் ஔஷதகிரியின் அடிவாரத்தில் இருந்தது. மேலே ஹயக்ரீவர், கீழே தேவநாத சுவாமி, பக்கத்தில் கெடிலம். வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர் என்பது பெரியவர்கள் சொல்லும் பெருமை. எனக்கு அந்த ஊர் முதலில் ஒரு சத்தம். முகூர்த்த நாட்களில், கோயிலில் கல்யாணம் செய்வதாக வேண்டிக்கொண்டவர்கள் சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வந்து இறங்குவார்கள். விடிவதற்கு முன்பே பத்துப் பன்னிரண்டு செட் மேளம் வந்திருக்கும். மலைப்படியில் ஒரு தாலி, மண்டபத்தில் ஒரு தாலி, தெருத்திண்ணை ஓரமாக இன்னொன்று. ஒரு செட்டின் தவில் காதருகில் இடிக்கும். அதே செட்டின் நாயனம் ஏதோ ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். பதிலாக மலைமேல் வேறு யாரோ வாசிக்கும் கல்யாணி மெலிந்து இழையாக இறங்கி வந்து இந்தத் தவிலின் மேல் உட்காரும். தாளம் பொருந்தாது. பொருந்தாததே எனக்குப் பழகிவிட்டது. கிட்டத்தில் தாளம், தூரத்தில் ராகம்: பத்து வயதில் என் காதுக்கு இசை என்றால் இந்த அமைப்புதான். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

ராக் இசையை நாங்கள் முதலில் படித்தோம். கேட்டது பிறகு, சிலவற்றை இன்றுவரை கேட்டதில்லை. நாங்கள் என்றால் கடலூர், சிதம்பரம், பாண்டிச்சேரிக்குள் அடங்கிய ஐந்தாறு பேர். கவிதை எழுதுகிறவர்கள், அல்லது எழுதுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் கொரகொரவென்று சில பாட்டுகள் வரும். கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை (1967-ல் தொடங்கி 1977-ல் நின்றது) எங்களில் ஒருவனுக்கு நேரே வரும், மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்து. பாண்டிச்சேரியில் பழைய பேப்பர் கடை ஒன்றில் வெளிநாட்டுக்காரர்கள் எடைக்குப் போட்டுவிட்டுப்போன சஞ்சிகைகள் கிடைக்கும். 'ரோலிங் ஸ்டோன்' அங்கேதான் எனக்கு அறிமுகம். அட்டை இருக்காது. சிலவற்றில் பாதிக்கு மேல் இருக்காது. ஆனால் இசைத்தட்டு மதிப்புரைகள் பின்பக்கங்களில் வருவதால் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

அந்த மதிப்புரைகளை நாங்கள் மனப்பாடமாகப் படித்தோம். டிலன் எங்கே சறுக்கினார், ஸ்டோன்ஸ் எங்கே மீண்டார்கள் என்றெல்லாம் திருப்பாதிரிப்புலியூர் ரயிலடியில் நின்று வாதாடியிருக்கிறோம். டிலனின் 'ஸெல்ஃப் போர்ட்ரெய்ட்' 1970-ல் வெளிவந்தபோது கிரேல் மார்கஸ் அதைக் கிழித்தெறிந்து எழுதியது பிரசித்தம். அந்தத் தட்டு ஒரு வீழ்ச்சி என்று நானும் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டபோது எனக்கு அது பிடித்திருந்தது என்பதை வெளியே சொல்ல இன்னும் ஐந்து வருஷம் ஆயிற்று.

மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், இசைக்காகத் தகப்பனும் மகனும் மோதிக்கொள்ளும் 'பாரீஸுக்குப் போ!' நாவலை அறுபதுகளிலேயே எழுதிவிட்டார். அந்த மோதல்கூட எங்களுக்கு வாய்க்கவில்லை. எங்கள் தகப்பன்மார்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எதிர்க்க ஆளில்லாத இடத்தில் அபிப்பிராயங்கள் மழைக்காலத்து வேலிக்கொடி மாதிரி வளரும்.

1976-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் மூலம் எனக்கு ஒரு கேசட் ரெகார்டர் கிடைத்தது. மோனோ, ஒரே ஸ்பீக்கர். பாண்டிச்சேரியில் வசித்த வெளிநாட்டு நண்பர் ஒருவர் தன்னிடமிருந்த தட்டுகளிலிருந்து ஐந்து கேசட் பதிந்து கொடுத்தார். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. அவருடைய ஆம்ப்ளிஃபயரில் வெளியே எடுக்க இரண்டு துளை, என் ரெகார்டரில் உள்ளே வாங்க ஒரே துளை. அவர் ஒரு துளையிலிருந்து மட்டும் வயரை இழுத்துச் செருகினார். இடது துளை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்டீரியோ என்பது அன்று எப்படி இருந்தது என்பதை இன்றுள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1965 டிசம்பரில் வெளிவந்த 'ரப்பர் ஸோல்' தட்டின் ஸ்டீரியோவில் பெரும்பாலான பாட்டுகளில் வாத்தியங்கள் இடப்பக்கம், குரல்கள் வலப்பக்கம் என்று பாகப்பிரிவினை மாதிரி பிரித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலோர் கேட்டது மோனோவைத்தான். ஸ்டீரியோ ஏதோ ஒரு உபரி வேலை. அதைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினே 1987-ல் சிடிக்காக அந்தத் தட்டை மறுபடி கலவை செய்தார். இவையெல்லாம் பின்னால் படித்து அறிந்தவை. 1976-ல் என்னிடம் இருந்தது இடப்பக்கம் மட்டும். அதாவது, பாடகர்கள் இல்லாத பீட்டில்ஸ்.

முழுக்க இல்லாமலும் இல்லை. கிராமஃபோன் முள்ளில் ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கத்தில் கொஞ்சம் கசியும். அதனால் கிதாரும் டிரம்ஸும் முகத்துக்கு நேரே இருக்க, குரல் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல வந்தது. 'நோவேர் மேன்' என்ற பாட்டு வாத்தியமே இல்லாமல் மூன்று குரல்கள் சேர்ந்து ஆரம்பிக்கும் பாட்டு. என் கேசட்டில் அது மௌனத்தில் ஆரம்பித்தது. மௌனத்துக்குள் அடுத்த வீட்டில் யாரோ பாடுவதுபோல ஒரு நிழல். பிறகு திடீரென்று வாத்தியங்கள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதில் பொய் இல்லை. என் ஊரின் முகூர்த்தக் காலைதான் இது! லிவர்பூல்காரன் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று தோன்றியது.

கட்டுரையில் எழுதியது இதுதான்: பீட்டில்ஸ் இந்தத் தட்டில் பாடகனை நடுமேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள், குரல் என்ற 'நான்' தூரத்துக்குத் தள்ளப்பட்டு, பொருள்களும் ஓசைகளும் முன்னுக்கு வந்துவிட்டன, ஒரு பாட்டை மௌனத்தில் தொடங்கும் துணிச்சல் நவீன கவிதைக்கு ஒரு பாடம். இடையிடையே 'ரோலிங் ஸ்டோன்' மதிப்புரைகளிலிருந்து எடுத்த கலைச்சொற்களைத் தமிழாக்கித் தூவியிருந்தேன். இப்போது படித்தால் அந்தத் தூவல்தான் சகிக்கவில்லை. தவறான பகுதி அவ்வளவு மோசமாக இல்லை.

வெளியாவதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைத்தது. எங்கள் திண்ணையில் முகூர்த்தம் முடிந்து காபிக்கு உட்காரும் நாயனக்காரர் ஒருவர் உண்டு. அவருக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டுக் கேட்டார். தொடையில் தாளம் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா தவுலுக்காரன் வந்து உக்காந்துட்டான், நாயனக்காரன் இன்னும் பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கான் போலிருக்கே?"

"இல்லண்ணே, அவங்க வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருக்காங்க."

"வேணும்னு யாராச்சும் பாதியை வுட்டுட்டு வாசிப்பானா?"

நான் சிரித்தேன். நவீனம் அவருக்கு எட்டவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது. நாற்பது வருஷம் வாசித்த காது. ஒரு மதிப்புரையும் படிக்காமல், அந்தப் பாஷையும் தெரியாமல், இல்லாததை இல்லை என்று சொல்லிற்று. நான் படித்திருந்த அத்தனையும் சேர்ந்து, இல்லாததற்கு ஒரு தத்துவம் செய்து கொடுத்தன.

கட்டுரை வெளிவந்தது. பாராட்டினார்கள். எதிர்த்தும் ஒருவர் எழுதினார்: பீட்டில்ஸ் பூர்ஷ்வாக்கள் என்று. தட்டை ஒருவரும் கேட்டிருக்கவில்லை, பாராட்டியவர்களும் எதிர்த்தவரும். 'எழுத்து' காலத்திலிருந்து நமக்குள் ஒரு வழக்கு உண்டல்லவா: க.நா.சு. பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை என்பது ஒரு கட்சி, சி.சு. செல்லப்பா அலசித் தீர்க்கிறார், ரசனை அதற்குள் காய்ந்துவிடுகிறது என்பது மறு கட்சி. ராக் மதிப்புரையிலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு என்று பிறகு கண்டேன். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையில் 1969 முதல் ராபர்ட் கிறிஸ்ட்கௌ தட்டுகளுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எழுத்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார், நாலு வரிக் குறிப்போடு. மார்கஸ் மாதிரி ஆட்கள் பக்கம் பக்கமாக. எனக்கு இன்று கிறிஸ்ட்கௌதான் பரவாயில்லை என்று படுகிறது. நாலு வரியில் ஏமாற்றுவது கஷ்டம். அலசல் கட்சியில் நின்ற நானே ஆறு பக்கம் அலசினேன், பாதித் தட்டை.

1979-ல் ஒரு வேலையாகச் சிதம்பரம் போயிருந்தேன். அண்ணாமலைநகர்ப் பக்கம் வாடகை அறையில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவன் ஒருவன் நண்பனுக்குப் பழக்கம். அவனிடம் இரண்டு பெட்டி ஸ்டீரியோ இருந்தது. 'ரப்பர் ஸோல்' இருந்தது. கட்டுரை எழுதியவன் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, என் அதிர்ஷ்டம். தட்டைப் போட்டான். நாலாவது பாட்டாக 'நோவேர் மேன்' வந்தது. மூன்று பேர் அறைக்குள் நின்று முழுத் தொண்டையில் பாடினார்கள். நான் உண்மையிலேயே வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மறுபடி போடச் சொன்னேன். எழுந்து இடது பெட்டிக்கு அருகே போய்க் காதை வைத்தேன். அங்கே இருந்தது என் கட்டுரை.

திரும்பி வரும்போது இசைக் கல்லூரி வழியாக நடந்தோம். 1929-லிருந்து அந்த ஊரில் இருக்கும் கல்லூரி. தமிழிசைக்காக நாற்பதுகளில் எவ்வளவோ பேசிய இடம். சன்னல் வழியே யாரோ சரளி வரிசை சாதகம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே இடத்தில் தடுக்கித் தடுக்கி, திரும்ப முதலிலிருந்து. நண்பன் ஏன் பேசாமல் வருகிறாய் என்று கேட்டான். தலைவலி என்றேன்.

வெகுகாலம் கழித்து எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன். 1967 ஜூனில் 'ஸார்ஜன்ட் பெப்பர்' வெளிவந்து உலகமே தலையில் வைத்துக் கூத்தாடியபோது, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அது ஜோடனை மிகுந்த தட்டு என்று எழுதிய இளைஞர். வசை மழை பொழிந்தது. அடுத்த மாதமே 'வில்லேஜ் வாய்ஸி'ல் தன் நிலையை விளக்கி எழுதினார். பிற்காலத்தில் அவர் சொன்ன விவரம்தான் எனக்கு வேண்டியது: அவர் வீட்டு ஸ்டீரியோவில் ஒரு ஸ்பீக்கர் பழுதாகியிருந்ததாம்! நியூயார்க்கில், அவ்வளவு பெரிய பத்திரிகைக்கு எழுதுகிறவர் வீட்டில்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். முழுத்தட்டையும் இரண்டு காதாலும் பலமுறை கேட்டபிறகு, கோல்ட்ஸ்டீன் சொன்னதில் முக்கால் பங்கு சரி என்றே நினைக்கிறேன். 'ஸார்ஜன்ட் பெப்பர்' எனக்குக் கல்யாண வீட்டு ஜோடனைதான். கடைசிப் பாட்டு ஒன்று தப்பிக்கிறது. ஹாரிஸன் தில்ரூபாவும் தபலாவும் வைத்துச் செய்த பாட்டை மேல்நாட்டு மதிப்புரையாளர்களில் பலர் உபதேசம் என்று ஒதுக்கினார்கள். நம்மவர்கள் இந்தியாவுக்குக் கிடைத்த மரியாதை என்று புல்லரித்தார்கள். அட்டைப்படக் கூட்டத்தில் யோகிகள் நாலு பேர் இருக்கிறார்கள். காந்தியை மட்டும் கம்பெனி எடுத்துவிடச் சொல்லிவிட்டது, இந்தியாவில் விற்பனை கெடும் என்று பயந்து. அந்தப் பாட்டில் ஸ்வரம் எப்படி நிற்கிறது என்று எந்தக் கட்சியும் பேசியதில்லை. 'ரோலிங் ஸ்டோன்' 2003-ல் போட்ட ஐந்நூறு தட்டுகள் பட்டியலில் 'ஸார்ஜன்ட் பெப்பர்' முதலிடம். 2020-ல் திருத்திப் போட்ட பட்டியலில் 24-ஆவது இடம். தட்டில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை. லெட் செப்பலினின் முதல் தட்டை 1969-லும், பிளாக் ஸாபத்தின் முதல் தட்டை 1970-லும் அதே பத்திரிகை ஏளனம் செய்தது. பின்னால் இரண்டையும் கௌரவப் பட்டியல்களில் உட்கார வைத்தது. செப்பலின் விஷயத்தில் ஏளனம் அநியாயம். ஸாபத் எனக்கு இன்றும் தாங்காது. அது என் வயிற்றுக் கோளாறாக இருக்கலாம்.

மேடையில் கேட்டவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. 1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி வங்கதேச அகதிகளுக்காக நியூயார்க்கில் நடந்த கச்சேரியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததும் சபை கைதட்டியது. இசைத்தட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. நம்மவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதை நிறுத்தி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர்கள் சுருதிக்குத் தட்டினார்கள். நான் செருகாத வயருக்குத் தட்டினேன்.

நம் பக்கத்தில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி விகடனில் எழுதினார். பின்னால் சுப்புடு வந்து வித்வான்களை நடுங்க வைத்தார். இருவரையும் நம் சிறுபத்திரிகை வட்டாரம் பொருட்படுத்தியதில்லை. ஒருவர் ஜனரஞ்சகம், மற்றவர் விதூஷகம் என்று. இருவரும் சபையில் உடம்போடு போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினார்கள் என்பதை நாம் ஒரு தகுதியாக நினைக்கவே இல்லை.

'சக்தி' குழுவின் முதல் தட்டு 1976-ல் வந்தது. ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், நம் விக்கு விநாயக்ராம். அந்தத் தட்டில் மட்டும் ராமநாதபுரம் ராகவனின் மிருதங்கம். மேல்நாட்டு மதிப்புரைகள் ஆன்மிகம், பரவசம் என்றன. இங்கே கலப்படம் என்றார்கள். விநாயக்ராமின் கடம் எங்கே கணக்கை முடிக்கப்போகிறது என்று மெக்லாக்லின் காத்திருக்கும் அந்த அரை நொடிதான் எனக்குத் தட்டின் உயிர். அவர் படித்துத் தெரிந்துகொண்டு வரவில்லை, அங்கே காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தட்டைத் திண்ணை நாயனக்காரருக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். முகத்தில் விழிக்கக் கூசி, போட்டுக் காட்டவில்லை.

1986-ல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது நான் படித்த குறிப்புகளில் பாதி அவரை பாக் பக்கத்தில் உட்கார வைத்தன. மீதி, சினிமாக்காரருக்கு இது தேவையா என்றன. ஒப்பிடாதே என்ற பொருளில் அந்தத் தட்டிலேயே ஒரு பகுதிக்குப் பெயர் வைத்திருக்கிறார் மனிதர். அதைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். மறுத்துவிட்டேன். 1979-க்குப் பிறகு நான் இசை பற்றி அச்சில் ஒரு வரியும் எழுதவில்லை.

சொல்லத் தயங்கித் தள்ளிப்போட்ட விஷயம் ஒன்று பாக்கி. திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு கவி நண்பன் இருந்தான். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. என் கட்டுரையைப் படித்துவிட்டு, கேசட்டையும் வாங்கிப்போய் ஒரு மாதம் வைத்துக் கேட்டான். அதன்பிறகு அவன் எழுத்து மாறியது. 'நான்', 'எனக்கு' என்று கொட்டிக்கொண்டிருந்தவன், பொருள்களைக் கிட்டத்தில் வைத்துச் சொல்கிற குரலை எங்கோ தூரத்தில் ஒதுக்கிப் பன்னிரண்டு கவிதைகள் எழுதினான். அவை வெளிவந்த சின்னத் தொகுப்பின் முன்னுரையில் என் கட்டுரையைக் குறிப்பிட்டு நன்றி சொல்லியிருந்தான். தொகுப்பு வந்தது 1980-ல். எனக்கு உண்மை தெரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் மாலை கெடிலம் பாலத்தில் நின்று சொல்லத் தொடங்கினேன். "அந்த கேசட் விஷயமா ஒண்ணு சொல்லணும்" என்றேன். "அது இல்லேன்னா நான் எழுதறதையே விட்டிருப்பேன்டா" என்றான் அவன். நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். 2004-ல் அவன் இறந்தான். முழுத்தட்டையும் அவன் பிறகு கேட்டானா, கேட்டுவிட்டு என்னிடம் சொல்லாமல் இருந்தானா என்று யோசிப்பேன். அந்தப் பன்னிரண்டு கவிதைகளும் இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. பாதித் தட்டிலிருந்து பிறந்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

பீட்டில்ஸின் மோனோத் தொகுப்பு 2009-ல் வந்தது. அதில் 'ரப்பர் ஸோல்' தட்டின் மோனோவும், 1965-ன் அந்தப் பழைய ஸ்டீரியோவும் ஒரே சிடியில் இருக்கின்றன. அக்கா மகன் சில வருஷம் கழித்து வாங்கி வந்தான். மோனோவை ஒருமுறை முழுக்கக் கேட்டேன். அதுதான் சரியான தட்டு. கட்டுரை அதைப் பற்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். குரல் நடுவில், கிட்டத்தில், தயக்கமில்லாமல் இருக்கிறது.

பிறகு பழைய ஸ்டீரியோவைப் போட்டு, வலது காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டேன். கிதார், டிரம்ஸ், பேஸ். 'நோவேர் மேன்' வந்தபோது கேசட்டில் கசிந்த நிழல்கூட இதில் இல்லை. சிடி அவ்வளவு சுத்தம். வெறும் மௌனம். அன்று முகூர்த்த நாள். மலைமேல் யாருக்கோ தாலி ஏறிக்கொண்டிருந்தது, கெட்டிமேளம் வலது காதில் விழுந்தது. பாட்டு முடியும்வரை நான் இயர்போனைத் திரும்ப மாட்டவில்லை.